வால்க்ரோ அணையின் 300 கிராம் துணி: நெய்யாப் புவித்துணித் தேர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தென் பிரான்சில் 1970-ஆம் ஆண்டு கட்டப்பட்ட வால்க்ரோ அணை சிறிய அணைதான். அதன் உயரம் 17 மீட்டர். முழுக்க ஒரே வகை மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி உருளை ஓட்டி எழுப்பிய மண் அணை. ஆனாலும் நெய்யாப் புவித்துணிகளை, அதாவது நெசவில்லாமல் இழைகளைக் கோத்துச் செய்து மண்ணுக்குள் வைக்கும் செயற்கைத் துணிகளைப் பற்றி எழுதும் எவரும் கடைசியில் அந்த அணைக்கு வந்து சேராமல் இருப்பதில்லை. மண் அணையொன்றில் வடிகட்டியாகத் துணியை நம்பி வைத்தது அங்கேதான் முதன்முறை. அணையின் வெளிச்சரிவுப் பக்கத்து வடிகாலைச் சுற்றி ஒரு துணி, நீர்ப்புறச் சரிவில் அலையைத் தாங்கும் கற்பாவுக்கு அடியில் இன்னொரு துணி என இரண்டு இடங்களில் அது இடம்பெற்றது. அந்த முடிவை எடுத்த பிரெஞ்சுப் பொறியாளர் ழான் பியேர் ழிரூதான் பின்னர், 1977-இல் பாரிசில் நடந்த மாநாட்டின்போது, புவித்துணியைக் குறிக்கும் ‘ஜியோடெக்ஸ்டைல்’ என்ற சொல்லையே உருவாக்கித் தந்தார். ஆக, வால்க்ரோவில் துணி விரிக்கப்பட்ட நாளில் அந்தப் பொருளுக்கு இன்றைய பெயர்கூட இல்லை. அதைத் தேர்வுசெய்ய விதியோ அட்டவணையோ எதுவும் இல்லை.

இந்த அணையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் மேசைக்கு வரும் விலைப்புள்ளிகளிலும் ஒப்பந்தக் குறிப்புகளிலும் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘நெய்யாத ஜியோ துணி, 200 ஜி.எஸ்.எம்.’ அல்லது ‘300 ஜி.எஸ்.எம்.’ ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதைச் சொல்லும் அந்த எண்ணைத் தவிர, எந்த மண்ணுக்கு, எந்த வேலைக்கு, நீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. வால்க்ரோவின் வடிகாலைச் சுற்றிய துணியும் 300 கிராம் துணிதான். ஆனால் அந்த எண் ஏன் அங்கே சரியாக அமைந்தது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தால், எடையை வைத்துத் துணியைத் தேர்வது எவ்வளவு பெரிய குறுக்குவழி என்பது விளங்கும். மண்ணைப் படித்த பிறகே எடையைக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது.

மண்ணும் நீரும்

வால்க்ரோ அணையின் மண் வண்டல் கலந்த மணல். அதன் எடையில் 30 சதவீதம் 0.075 மில்லிமீட்டர் சல்லடையைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும் அளவுக்கு நுண்ணியது. மண் பரிசோதனைச் சாலையில் பணியாற்றியவர்களுக்கு இந்த 30 சதவீதம் என்ற எண் உடனே எச்சரிக்கை மணி அடிக்கும். முழுக்கக் களியாக இருந்தால் மண் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். முழுக்க மணலாக இருந்தால் துகள் பெரிது, எந்தத் துணியும் அதைத் தடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வண்டல் மணலில் நுண்துகள்களைப் பிடித்து வைக்க ஒட்டும் தன்மை போதாது. நீர் இழுத்த இழுப்புக்கு அவை நகரும்.

மண் அணைக்குள் நீர் கசிவது குற்றமில்லை. எல்லா மண் அணைகளும் கசிகின்றன. கசியும் நீர் வெளிச்சரிவில் எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டி, அங்கிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய், பின்னோக்கி ஒரு துளையாகவே அணைக்குள் வளர்வதுதான் ஆபத்து. இந்த உள்ளரிப்பு மண் அணைகள் உடைவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. அதைத் தடுக்கத்தான் வெளிச்சரிவுக்கு உள்ளே ஜல்லி வடிகால் வைத்து, நீர் சரிவுக்கு வரும் முன்பே அதைப் பிடித்துக் குழாய் வழியே வெளியேற்றுகிறார்கள். ஆனால் ஜல்லியின் இடைவெளியில் வண்டல் எளிதாகப் புகுந்துவிடும். எனவே மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில், நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் ஒரு படலம் தேவை. தரம் பிரித்த மணல்தான் காலங்காலமாக அந்த வேலையைச் செய்துவந்தது. வால்க்ரோவில் அதைத் துணி ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு தவறான புரிதலை விலக்கிவிட வேண்டும். துணி சல்லடைபோல வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதாவது, 0.075 மில்லிமீட்டர் துகளைத் தடுக்க அதைவிடச் சிறிய கண் உள்ள துணி வேண்டும் என்ற எண்ணம். அப்படித் தேர்ந்தெடுத்தால் துணி சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். உண்மையில் நல்ல வடிகட்டி செய்வது வேறு. தொடக்கத்தில் துணியை ஒட்டியிருக்கும் மிக நுண்ணிய துகள்கள் சில வெளியேறுகின்றன. அடுத்து நிற்கும் சற்றுப் பெரிய துகள்கள் துணியின் கண்களின் மேல் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துப் பாலம்போல் நின்றுவிடுகின்றன. அந்தப் பாலம் தனக்குப் பின்னால் உள்ளதைப் பிடிக்கிறது. பின்னால் உள்ளது அதற்கும் பின்னால் உள்ளதை. மண்ணே தனக்கான வடிகட்டியாக மாறுகிறது. அதற்குத் தொடக்கம் கொடுப்பதே துணியின் பணி. இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால், துணிக்கு வேண்டிய குணங்கள் எவையென்று வரிசையாகத் தாமே வந்து நிற்கும்.

துணியைக் கையில் எடுத்தால்

வால்க்ரோவின் துணி ஊசிக்குத்து முறையில் செய்யப்பட்ட நெய்யாத் துணி. அதன் செய்முறையைத் தெரிந்துகொள்வது தேர்வுக்கு உதவும். உருக்கிய பாலிமரை நுண்துளைகள் வழியே இழையாக இழுத்து, நகரும் பட்டையின் மேல் ஒழுங்கில்லாமல் சிதறவிட்டு மெத்தைபோல் குவிக்கிறார்கள். அல்லது வெட்டிய குறு இழைகளைச் சிக்கெடுத்துப் பரப்புகிறார்கள். பின்னர் பக்கவாட்டில் முட்கள் கொண்ட ஆயிரக்கணக்கான ஊசிகள் அந்த மெத்தையை மேலும் கீழும் குத்தி, மேலிழைகளைக் கீழே இழுத்து ஒன்றோடொன்று கோத்துவிடுகின்றன. பசை கிடையாது, நெசவு கிடையாது, சிக்கலே கட்டு. இன்னொரு வகை, சூட்டில் ஒட்டிய நெய்யாத் துணி. இழைகள் தொடும் இடங்களில் உருகிப் பிடித்துக்கொள்வதால் அது மெல்லியதாக, காகிதம்போல் விறைப்பாக இருக்கும்.

இரண்டையும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டராக வெட்டி ஒரு சிறு தராசில் வைத்துப் பாருங்கள். 300 கிராம் துணி என்றால் துண்டு 3 கிராம் காட்ட வேண்டும். களத்தில் நான் எப்போதும் செய்யும் முதல் சோதனை இதுதான். சுருளின் நடுவிலிருந்தும் இரு ஓரங்களிலிருந்தும் துண்டு எடுப்பேன், ஏனென்றால் ஓரத்தில் மெலிந்த துணி சந்தையில் இருக்கிறது. பிறகு அதே துண்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். ஊசிக்குத்துத் துணி மங்கலான மேகம்போல் தெரியும். அதன் வழியே ஒளி நேராக வராது, வளைந்து வளைந்து வரும். சூட்டில் ஒட்டிய மெல்லிய துணியில் அங்கங்கே ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரியும். எடை ஒன்றாகவே இருந்தாலும் அந்த இரு துணிகளும் மண்ணிடம் நடந்துகொள்ளும் விதம் ஒன்றல்ல.

நான்கு கேள்விகள்

வால்க்ரோவுக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ழிரூவும் மற்றவர்களும் துணி வடிகட்டிக்கான விதிகளை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தார்கள். இன்று அவை நான்காக நிற்கின்றன: துணி நீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும், போதிய துளைவெளி இருக்க வேண்டும், போதிய தடிமன் இருக்க வேண்டும். முதல் இரண்டை மண் வடிகட்டிகளுக்காக மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி வகுத்துத் தந்த சிந்தனையிலேயே காணலாம். பின்னிரண்டும் துணிக்கே உரியவை. நடைமுறையில் அதிகம் மறக்கப்படுபவையும் அவைதான்.

நீரை விடுவது பெரும்பாலும் எளிது. ஊசிக்குத்துத் துணியின் நீர்க்கடத்தல் வண்டல் மணலின் நீர்க்கடத்தலைவிடப் பல மடங்கு அதிகம். வழக்கமாக மண்ணின் கடத்தலைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்; புதிய துணி அதைத் தாராளமாகத் தாண்டும். கவனிக்க வேண்டியது, மண்ணின் பாரம் ஏறித் துணி நசுங்கிய பிறகும், துகள்கள் கொஞ்சம் உள்ளே தங்கிய பிறகும் அந்த விகிதம் மிஞ்சுகிறதா என்பதே.

மண்ணைப் பிடிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரே அளவுத் துகள்கள் கொண்ட மண்ணில், துணியின் பெரிய கண்ணின் அளவை நடுத்தரத் துகளின் அளவோடு ஒப்பிட்டால் போதும். ஆனால் வால்க்ரோ போன்று பெரிது முதல் மிகச் சிறிது வரை எல்லாம் கலந்த மண்ணில், பெரிய துகள்களின் இடுக்கு வழியே சிறியவை நழுவ வாய்ப்பு உண்டு. அதனால்தான் ழிரூ 1982-இல் தந்த விதியில், மண்ணின் சீர்மைக் கெழு (பெரிய துகளும் சிறிய துகளும் அளவில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் எண்) 3-ஐத் தாண்டும்போது, அந்தக் கெழு ஏற ஏறத் துணியின் கண் சிறுத்துக்கொண்டே போக வேண்டும் என்று வைத்தார். மண் இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பதும் அந்த விதியில் உண்டு. நன்றாக உருளை ஓட்டிய கரைக்குக் கிடைக்கும் சலுகை, தளரக் கொட்டிய மண்ணுக்குக் கிடைக்காது. துணித் தேர்வு மேசையில் முடிவதில்லை, உருளை ஓட்டுபவரின் கையிலும் அது இருக்கிறது என்பதை இந்த ஒரு விதியே காட்டிவிடும்.

துளைவெளி பற்றிய விதி எளியது. நெய்யாத் துணியின் மொத்தக் கனஅளவில் குறைந்தது 55 சதவீதம் வெற்றிடமாக இருக்க வேண்டும். நீர் வந்து சேரும் வழிகள் பலவாக இருந்தால்தான் சில அடைத்தாலும் மற்றவை ஓடும். ஊசிக்குத்துத் துணிகள் இதை எளிதில் நிறைவேற்றுகின்றன. அழுத்திச் சூடேற்றி மெலிதாக்கிய துணிகளுக்குத்தான் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

தடிமன் பற்றிய விதிதான் எனக்கு எல்லாவற்றிலும் அழகானதாகத் தெரிகிறது. துணிக்குள் நுழையும் ஒரு துகள் நேரான ஓட்டை வழியே போவதில்லை. இழைகளுக்கு நடுவே ஒரு குறுகலைத் தாண்டி, அடுத்த குறுகலைத் தாண்டி, வளைந்து வளைந்து போகிறது. மெல்லிய துணியில் சில குறுகல்களே இருக்கும். எனவே ஓரிடத்தில் அகலமான வழியும் பக்கத்திலேயே மிகக் குறுகிய வழியும் அமைந்துவிடலாம். ஒரே துணியில் ஒரு பக்கம் மண் தப்பி ஓடும், மறுபக்கம் அடைத்துக்கொள்ளும். குறுகல்களின் எண்ணிக்கை கூடக் கூட, எந்த வழியில் போனாலும் துகள் எங்கோ ஓரிடத்தில் ஒரே அளவுள்ள ஒரு குறுகலைச் சந்தித்தே தீரும். துணி முழுதும் ஒரே சீராக நடந்துகொள்ளும். குறைந்தது 25 குறுகல்கள் வேண்டும் என்று ழிரூ பிற்காலத்தில் சொன்னார்.

இதைக் கணக்கிட ஒரு சிறு வாய்பாடு உண்டு: சதுர மீட்டர் எடையை இழைப் பொருளின் அடர்த்தி, இழையின் விட்டம், திடப்பகுதி விகிதத்தின் (1-இலிருந்து துளைவெளியைக் கழித்தால் வருவது) வர்க்கமூலம் ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். பாலியெஸ்டர் இழையின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1380 கிலோ என்றும், இழை விட்டத்தை 27 மைக்ரோமீட்டர் என்றும், துளைவெளியை 90 சதவீதம் என்றும் எடுத்துக்கொண்டு பாருங்கள். 300 கிராம் துணியில் ஏறத்தாழ 25 குறுகல்கள் வருகின்றன. 150 கிராமில் 13-ஐத் தாண்டாது. எடை என்ற எண் இந்த இடத்தில்தான் நியாயமாக உள்ளே வருகிறது. அதுவும் தனியாக வருவதில்லை. இழையின் விட்டத்தோடு கைகோத்து வருகிறது. இழை இரு மடங்கு தடித்தால் அதே 300 கிராமில் குறுகல்கள் பாதியாகிவிடும். எந்த ஒப்பந்தக் குறிப்பிலும் இழை விட்டம் எழுதியிருந்து நான் பார்த்ததில்லை. அதை எழுதச் சொல்லிக் கேட்கத் தொடங்க வேண்டிய காலம் இது என்று நினைக்கிறேன்.

இன்றைய அட்டவணையில் அந்த அணை

வால்க்ரோவின் மண்ணை இன்று ஒரு பொறியாளரிடம் கொடுத்தால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினரின் ஆஷ்டோ எம் 288 அட்டவணையை எடுத்துக்கொள்வோம். நிலத்தடி வடிகாலுக்கு அது மண்ணை மூன்றாகப் பிரிக்கிறது: 0.075 மில்லிமீட்டரைவிட நுண்ணிய பகுதி 15 சதவீதத்துக்குக் கீழ், 15 முதல் 50 வரை, 50-க்கு மேல். வால்க்ரோவின் 30 சதவீதம் நடுப்பிரிவில் விழுகிறது. அந்தப் பிரிவுக்குத் துணியின் தோற்றக் கண் அளவு (சலித்துப் பார்த்து அறியும், துணியின் பெரிய கண்களின் அளவு) 0.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தடிமனால் வகுத்த நீர்க்கடத்தல் நொடிக்கு 0.2-க்குக் குறையக் கூடாது. 300 கிராம் ஊசிக்குத்துத் துணிக்கு இரண்டும் பெரும் சவாலில்லை.

வலிமையைப் பொறுத்தவரை அந்த அட்டவணை வடிகாலுக்கு இரண்டாம் வகுப்பைச் சொல்கிறது: நெய்யாத் துணிக்குப் பிடித்திழுக்கும் வலிமை 700 நியூட்டன், கிழிவுத் தாங்கல் 250 நியூட்டன். ஆனால் கற்பாவுக்கு அடியில் வைக்கும் நெய்யாத் துணிக்கு அதே அட்டவணை முதல் வகுப்பைக் கேட்கிறது: 900 நியூட்டன், 350 நியூட்டன். காரணம் எளிது. வடிகாலில் ஜல்லி மெதுவாக இறங்கும். கரைச்சரிவில் பாறை விழும், உருளும், முனை குத்தும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட கல்லைத் துணியின் மேல் சிறிதும் தூக்கிப்போடக் கூடாது, இறக்கி வைக்க வேண்டும். அதைவிட எடை குறைந்த கல்லுக்குக்கூட 300 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கொடுக்கக் கூடாது என்பது நடைமுறை. ஒரே அணையில், ஒரே மண்ணில், ஒரே நெய்யாத் துணியின் இரண்டு இடங்களுக்கு இன்று இரண்டு வெவ்வேறு வலிமைகள் எழுத வேண்டியிருக்கும். மண் ஒன்றாக இருந்தால் துணியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. கண் அளவை உலர்ந்த கண்ணாடி மணிகளைச் சலித்து அளக்கும் அமெரிக்க முறையும், ஈரமாகச் சலித்து அளக்கும் பன்னாட்டு முறையும் ஒரே துணிக்கு வேறு வேறு எண்களைத் தரும். ஒரு முறையின் எண்ணை மற்றதன் வரம்போடு ஒப்பிட்டு ‘தேறிவிட்டது’ என்று எழுதிய அறிக்கைகள் என் கையில் வந்திருக்கின்றன. சோதனை முறையின் பெயர் இல்லாத கண் அளவை ஏற்கவே கூடாது.

இழைப் பொருளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பாலியெஸ்டரும் பாலிபுரொப்பிலீனும்தான் சந்தையில் பெரும்பான்மை. சாதாரண மண்ணில் இரண்டும் நெடுங்காலம் நிற்கும். ஆனால் சுண்ணாம்பிட்டு உறுதியாக்கிய மண், புதுக் கான்கிரீட் போன்ற கடுங்காரச் சூழலில் பாலியெஸ்டர் மெல்லச் சிதையும். அங்கே பாலிபுரொப்பிலீன் நல்லது. நீருக்கடியில் விரிக்கும்போது நிலைமை தலைகீழ்: பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, எனவே துணி மிதந்து எழும்பும், பாலியெஸ்டர் தானாக மூழ்கும். வெயில் இரண்டுக்கும் எதிரி; விரித்த துணியை 14 நாளுக்குள் மூடிவிட வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த 14 நாளையும் நான் கொடுப்பதில்லை.

துணி சரியாக இருந்தும் தோற்ற ஒரு வடிகால்

எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு நிகழ்வை இங்கே சொல்ல வேண்டும். வண்டல் மணலால் எழுப்பிய ஒரு குட்டைக் கரை. கரையடியில் ஜல்லி வடிகால் வைத்து, அதைச் சுற்றி நெய்யாத் துணி சுற்றியிருந்தார்கள். துணியின் சான்றிதழில் குறை சொல்ல எதுவுமில்லை. முதல் மழைக்காலத்தில் வடிகாலின் வாயில் நீர் வந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் அது நின்று, கரையின் வெளிச்சரிவில் ஈரத் திட்டு படர்ந்தது. தோண்டிப் பார்த்தோம். பொக்லைன் வெட்டிய பள்ளத்தின் பக்கச்சுவர் கரடுமுரடாக, அங்கங்கே உள்வாங்கி இருந்தது. துணியை அந்தக் குழிகளுக்குள் அழுத்திப் படிய வைக்காமல், இழுத்துக் கட்டி ஜல்லியைக் கொட்டியிருந்தார்கள். துணிக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் மண் கரைந்து குழம்பாகி, நுண்துகள் மட்டும் துணியின் முகத்தில் வந்து படிந்திருந்தது. துணியை உரித்தபோது அதன் மண்பக்கம் சாணம் மெழுகிய தரைபோல் வழவழவென்று, விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது; ஜல்லிப்பக்கம் ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது.

முன்னே சொன்ன பாலம் அங்கே கட்டப்படவே இல்லை என்பதுதான் நடந்தது. துகள்கள் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டுமானால் மண் துணியோடு நெருங்கி ஒட்டியிருக்க வேண்டும்; இடைவெளி இருந்தால் எந்தத் துணியும் சேற்றை வடிகட்டும் துணியாக மாறிவிடும், சேற்றை வடிகட்டும் துணி அடைக்காமல் இருக்க முடியாது. ஊசிக்குத்துத் துணி வளைந்து கொடுக்கும், குழிக்குள் படியும். அந்த இணக்கத்தால்தான் கரடுமுரடான பள்ளத்துக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனாலும் அது தானாகப் படியாது. பக்கச்சுவரைச் செதுக்கிச் சமப்படுத்தி, துணியைத் தளர்வாக விட்டு, ஜல்லியை அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரம் வடிகாலில் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

தோண்டி எடுத்த துண்டுகள்

வால்க்ரோவின் முக்கியமான சான்று, அதன் துணியை மீண்டும் வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது. கட்டி 6 ஆண்டு கழித்து 1976-இலும், 22 ஆண்டு கழித்து 1992-இலும் அணையிலிருந்து துணித் துண்டுகளை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். நீர்க்கடத்தலிலும் வலிமையிலும் பெரிய மாற்றம் காணப்படவில்லை. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது வடிகாலின் வாய். முதன்முதலாக நீர் நிரப்பிய நாள் தொட்டு அந்த வாயில் ஒரு மெல்லிய நீரோட்டம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அதன் அளவு அணை மண்ணின் நீர்க்கடத்தலோடு பொருந்தியது. நீர் தெளிவாக இருந்தது. வெளிச்சரிவில் எங்கும் கசிவு தலைகாட்டவில்லை. துணி அடைத்திருந்தால் ஓட்டம் குறைந்து சரிவு நனைந்திருக்கும். துணி மண்ணைத் தப்பவிட்டிருந்தால் நீர் கலங்கியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும், அணை பாதுகாப்பைக் கவனிப்பவர்கள் எச்சரிக்கையைக் கைவிடவில்லை. அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா 2008-இல் வெளியிட்ட அறிக்கை, அணையின் உயிர்நாடியான, பின்னர் எட்டிச் சரிசெய்ய முடியாத ஆழமான இடங்களில் துணியை மட்டுமே நம்பி வைக்க வேண்டாம் என்று சொல்கிறது. அந்த எச்சரிக்கையோடு நான் உடன்படுகிறேன். வால்க்ரோ 17 மீட்டர் அணை. தோண்டிப் பார்க்க முடிந்தது. நூறு மீட்டர் அணையின் நடுவே புதைத்த துணியை யாரும் போய்ப் பார்க்க முடியாது. கரையடி வடிகால், கற்பாவின் அடி, சாலையோர வடிகால், தாங்குசுவரின் பின்புறம் போன்ற எட்டக்கூடிய இடங்களில் துணிக்குத் தயங்க வேண்டியதில்லை.

அதே துணி, வேறு வேலை

குப்பைக்கிடங்குக்கு வந்தால் அதே நெய்யாத் துணியின் தேர்வு முற்றிலும் மாறுகிறது. அங்கே அடியில் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிஎத்திலீன் படலம். அதன் மேல் கழிவுநீரைச் சேகரிக்கும் ஜல்லி. படலத்துக்கும் ஜல்லிக்கும் நடுவில் வைக்கும் துணி வடிகட்டியில்லை, மெத்தை. அதன் கண் அளவைக் கேட்பதில் பொருளில்லை. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் கோர்னரின் குழுவினர் 1990-களில் தந்த வாய்பாட்டின்படி படலத்தின் தாங்குதிறன் துணியின் எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது, கல்லின் புடைப்பின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது. கல்முனை இரு மடங்கு துருத்தினால் துணியின் எடை நான்கு மடங்கு வேண்டும். ஆகவே அங்கே 300 கிராம் துணி பெரும்பாலும் போதாது. எடையைக் கூட்டுவதா, சிறிய உருண்டைக் கல்லைத் தேடுவதா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். எடையை முதல் வரியில் எழுதுவது நியாயமாக இருக்கும் ஒரே வேலை இதுதான்.

அதே கிடங்கில் ஜல்லிக்கும் குப்பைக்கும் நடுவே வைக்கும் துணி வடிகட்டிதான். ஆனால் அங்கே பகை வண்டல் அல்ல, நுண்ணுயிர். கழிவுநீரின் கரிமச்சத்தைத் தின்று வளரும் நுண்ணுயிர்ப் படிவு இழைகளுக்கு நடுவே படர்ந்து துணியை மெல்ல மூடிவிடும். அடியிலுள்ள பாலிஎத்திலீன் படலத்தின் மேல் கழிவுநீர் 30 சென்டிமீட்டருக்கு மேல் தேங்கக் கூடாது என்று அமெரிக்க விதி கேட்கும்போது, வடிகட்டி அடைப்பது சிறிய விஷயமில்லை. வால்க்ரோவில் நமக்கு வேண்டியிருந்த பல குறுகல்கள் இங்கே பல பொறிகளாகிவிடுகின்றன. அதனால் கண் பெரிய துணியை வைப்பதும், சேகரிப்புக் குழாயைச் சுற்றித் துணி கட்டாமல் ஜல்லியை மட்டும் விடுவதும் அங்கே சரியான முடிவாகின்றன. நிலத்தடி நீரில் இரும்பு மிகுந்து காவி படியும் இடங்களுக்கும் இதே எண்ணம் பொருந்தும்.

மீண்டும் அந்தக் கரை

தோண்டிய குட்டைக் கரைக்கு மறுவடிவம் எழுதும் பொறுப்பு எங்களிடமே வந்தது. மண்ணைச் சலித்தோம், நுண்பகுதி வால்க்ரோவின் 30 சதவீதத்துக்கு மிக அருகில் வந்தது. இம்முறை குறிப்பில் எடையைக் கடைசி வரிக்குத் தள்ளினேன். முதல் வரி: வடிகட்டி, வண்டல் மணல், இறுகிய கரை. அடுத்து ஊசிக்குத்துத் துணி, தோற்றக் கண் அளவு 0.25 மில்லிமீட்டருக்குக் கீழ் என்ற வரம்பும் சோதனை முறையின் பெயரும், நீர்க்கடத்தல் வரம்பு, இரண்டாம் வகுப்பு வலிமை, இழை விட்டத்தை வழங்குபவர் எழுத்தில் தர வேண்டும் என்ற வரி. தளத்து மண்ணையும் துணியையும் சேர்த்து, துணியருகே நீர் மண்ணில் உள்ளதைவிட எத்தனை மடங்கு தடைபடுகிறது என்று காட்டும் நீரோட்டச் சாய்வு விகிதச் சோதனை செய்து, விகிதம் 3-ஐத் தாண்டாமல் இருந்தால்தான் ஏற்பது என்ற நிபந்தனை. பள்ளத்தின் பக்கச்சுவரைச் செதுக்கிக் காட்டிய பிறகே துணி விரிக்க வேண்டும், விரித்த 3 நாளுக்குள் மூட வேண்டும் என்ற குறிப்பு. எடை 300 கிராமுக்குக் குறையாமல் என்பது அதன் பிறகுதான் வந்தது.

முதல் சுருள் வந்தபோது நான்கு இடத்தில் வெட்டி எடை பார்த்தோம். மூன்று துண்டுகள் 3 கிராமைத் தொட்டன. ஓரத்துத் துண்டு 2.6 காட்டியது. அந்தச் சுருளைத் திருப்பி அனுப்பினோம். வடிகாலின் வாயில் ஒரு சிறு தொட்டி கட்டி, வாரத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய எத்தனை நொடியாகிறது என்று எழுதவும், நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து ஒரு நாள் வைத்து அடியில் மண் படிகிறதா என்று பார்க்கவும், அந்தக் கரையின் காவலாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறோம்.